வறண்ட வெயிலில் புல்வெளி: மூன்றாவது கோடையில் எந்தப் புல் நிற்கிறது?

புதிதாகப் போட்ட எந்தப் புல்லும் முதல் மூன்று மாதம் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மதிப்பெண் போட்டால் ஏமாந்துபோவோம். வெயிலும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் ஒரு புல்லின் குணம் தெரிய மூன்று கோடை ஆகும். வேர் ஆழம் போயிருக்கிறதா என்று முதல் கோடை காட்டிவிடும். நிலம் தயாரிக்கும்போது விட்டுவைத்த கோரை இரண்டாவதில் தலைதூக்கும். மூன்றாவதில், அடியில் சேர்ந்த சருகுப் படலம் தண்ணீரை மண்ணுக்கு விடாமல் தடுக்கும். அந்த மூன்றாவது கோடையில் நின்று பின்னோக்கிப் பார்த்த அனுபவம் இது.

முதலில் எது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ரை புல், ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் எல்லாம் குளிர்ப் பருவப் புற்கள். 'எல்லா இடத்துக்கும் ஏற்றது' என்று வரும் விதைக் கலவையில் பெரும்பாலும் ரை புல் இருக்கும். ஒரு வாரத்துக்குள் முளைத்துப் பச்சைப் பசேலென்று தெரிவது அதுதான். வெயில் 35 டிகிரியைத் தாண்டி நின்றுவிட்டால் மெலிந்து, திட்டுத் திட்டாகக் கருகிவிடும். பையின் பின்பக்கம் கலவை விவரம் இருக்கும். அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

நாள் முழுவதும் வெயில் விழும் இடத்துக்கு எங்கள் முதல் தேர்வு பெர்முடா. நம் அருகம்புல்தான் அது. 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிற மொழியில் அதன் வேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணுக்கு மேலே ஓடும் தண்டு ஒன்று, மண்ணுக்குள் ஓடும் தண்டு ஒன்று என்று இரண்டும் இதற்கு உண்டு. மேலே எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமானாலும் உள்ளே இருக்கும் தண்டு உயிரோடு இருக்கும். இரண்டு முறை நன்றாகத் தண்ணீர் விட்டால் துளிர்த்துவிடும். விளையாட்டுத் திடல்களில் பார்க்கும் மெல்லிய, அடர்ந்த ரகங்கள் அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல்லையும் கலந்த ஒட்டு வகை. அமெரிக்காவின் டிஃப்டனில் புல் ஆராய்ச்சியாளர் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1960-இல் வெளிவந்த டிஃப்வே 419 இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்த ஒட்டு ரகங்கள் முளைக்கும் விதை தருவதில்லை. அதனால் டிஃப்வே விதை என்று யாராவது நீட்டினால் அது வேறு ஏதோ.

பெர்முடாவின் குறை இரண்டு. ஒன்று, நிழல் ஆகாது. ஆறு மணி நேர நேர் வெயில் கிடைக்காத இடத்தில் மெலிந்து, மண் தெரிய ஆரம்பிக்கும். உரத்தாலும் தண்ணீராலும் அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு, அதன் வேகம். பூச்செடிப் பாத்திக்குள், நடைபாதை இடுக்குக்குள் எல்லாம் நுழையும். 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு ஓரத்தடுப்பு வைத்தாலும் மேல்தண்டு அதைத் தாண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓரம் வெட்டத்தான் வேண்டும்.

நான்கைந்து மணி நேரமே வெயில் வரும் இடத்துக்கு சோய்சியா, அதிலும் மணிலா புல், நன்றாக ஒத்துவருகிறது. மிதித்தால் தாங்கும், களையை நெருங்கவிடாது. ஆனால் படர்வதில் மகா நிதானம்: பெர்முடா இரண்டு மாதத்தில் மூடும் இடத்தை மூட இதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியெல்லாம் களையெடுப்பதுதான் வேலை. ஊசி இலையுள்ள கொரியன் சோய்சியா வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் புடைத்துக்கொள்ளும். படத்தில் அழகு, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு உதவாது. அகல இலை செயின்ட் அகஸ்டின் நிழலைத் தாங்கினாலும் தண்ணீருக்கு அலையும். அதற்கு மண்ணுக்குள் ஓடும் தண்டு கிடையாது. மேலே காய்ந்தால் காய்ந்ததுதான். எருமைப்புல் எனும் பஃபலோ புல் குறைந்த தண்ணீரில் பிழைக்கும், மாதம் ஒரு வெட்டு போதும். நிழலும் அதிக நடமாட்டமும் ஆகாது. கண்ணுக்கு மட்டும் புல்வெளி வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல தேர்வு.

எந்தப் புல் என்று முடிவுசெய்யும் முன் தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்றால் 1 லிட்டர். கடும் கோடையில் பெர்முடாவுக்கு வாரம் சுமார் 30 மி.மீ. தேவைப்படும், 100 சதுர மீட்டருக்கு 3,000 லிட்டர். வருடத்தின் மிக வறண்ட மாதத்தில் அவ்வளவு கிடைக்காது என்றால் பரப்பைச் சுருக்குங்கள். பாதிப் பட்டினியில் கிடக்கும் பெரிய புல்வெளியைவிட நன்றாக இருக்கும் 40 சதுர மீட்டர் எவ்வளவோ மேல்.

நிலத்தில் கோரை இருந்தால் புல் நடும் தேதியைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள்: மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். தோண்டினால் கயிற்றில் கோத்த மணிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கருங்கிழங்குகள். ரொட்டவேட்டர் (மண் கிளறும் இயந்திரம்) விட்டால் அந்தக் கோவை அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகிவிடும். தண்ணீர் விட்டு முளைக்கவைத்து, ஐந்தாறு இலை வருவதற்குள் கிழங்கோடு அகழ்ந்தெடுப்பதை மூன்று நான்கு சுற்று செய்ய வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பு போட்டு வெயிலில் வேகவைக்கும் முறை விதைக் களைகளுக்குச் சரி. கோரைக்கிழங்கை அதை நம்பி விட முடியாது. இந்த ஒன்றரை மாதப் பொறுமையை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம். புல் படர்ந்த பிறகு கோரையைத் தனியாகப் பிரிப்பது பெரும்பாடு.

அதன்பின் 15 செ.மீ. ஆழம் கிளறி, நன்றாக மக்கிய எருவை 2 முதல் 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பிக் கலக்கவும். மக்காத சாணம் களை விதையைக் கொண்டுவந்து சேர்க்கும். களிமண் மேல் மணல் அடுக்கு போடுவது பரவலாக நடக்கும் தவறு. இரண்டும் சேரும் கோட்டில் நீர் தேங்கி, வேர் அங்கேயே நின்றுவிடும். கட்டடத்திலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு போதும். புல் பத்தை (வேர்மண்ணோடு வெட்டியெடுத்த புல் துண்டு) போடுவதாக இருந்தால் மண்மட்டம் நடைபாதைக்கு 2 செ.மீ. கீழே இருக்கட்டும்.

விதை என்றால் தோல் நீக்கிய பெர்முடா விதை 100 சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ. நான்கைந்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவவும். 5 மி.மீ.-க்கு மேல் மூடினால் பெரும்பகுதி வெளியே வராது. மண்ணின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் நிலைத்தபின் விதைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். தண்டு நடுவதென்றால் இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை 10 செ.மீ. இடைவெளியில், மூன்றில் ஒரு பங்கு மேலே தெரியும்படி ஊன்றி மிதித்துவிட வேண்டும். ஈரச் சாக்கு போட்டு நிழலில் வைக்காவிட்டால், நடும் முன்பே தண்டு வெயிலில் செத்துவிடும். பத்தைகளைச் செங்கல் அடுக்குவதுபோலப் பூட்டு மாற்றி, விளிம்போடு விளிம்பு நெருக்கி வைக்கவும். பத்து வரிசை முடியட்டும் என்று காத்திருக்காமல் பின்னாலேயே தண்ணீர் போக வேண்டும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் அடிமண் நனைந்ததா என்று தெரியும்.

பாய்ச்சுவதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். முதல் இரண்டு வாரம் தினமும் மூன்று நான்கு முறை லேசாக, மேல்மண் காயாத அளவுக்கு. முளைத்து வேர் பிடித்ததும் நாள் விட்டு நாள். ஆறாவது வாரத்திலிருந்து வாரம் ஒன்றிரண்டு முறை, ஆனால் 15 செ.மீ. ஆழம் இறங்கும் வரை. நீண்ட ஸ்க்ரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள்; ஈரம் உள்ள வரை இறங்கும், உலர்ந்த இடத்தில் முட்டி நிற்கும். தினமும் கொஞ்சம் தெளித்தே பழக்கினால் வேர் மேலேயே பின்னிக்கொள்ளும். மோட்டார் இரண்டு நாள் ஓடாவிட்டால் புல் வாடிவிடும். அடுத்த பாய்ச்சலுக்கான நேரத்தைப் புல்லே சொல்லும்: நிறம் நீலச் சாம்பலாக மங்கும், நடந்துபோன காலடித் தடம் எழும்பாமல் அப்படியே கிடக்கும்.

புல் 5 செ.மீ. வந்ததும் முதல் வெட்டு. ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. சாதாரண பெர்முடாவுக்கு 3 முதல் 4 செ.மீ., மணிலா புல்லுக்கு அதே அளவு, செயின்ட் அகஸ்டினுக்கு 7 செ.மீ.-க்குக் குறையாமல். மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஒரேயடியாக மழித்தால் பச்சை போய்ப் பழுப்புத் தண்டு தெரியும். வெயில் நேராக அதில் விழும்.

தழைச்சத்து, வளரும் பருவத்தில் சதுர மீட்டருக்கு ஒரு தடவைக்கு 5 கிராம். யூரியாவாகப் போட்டால் 100 சதுர மீட்டருக்கு 1.1 கிலோ, காய்ந்த இலையில் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். சுண்ணாம்பு மண்ணில் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் மஞ்சளாக வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறை. அதற்கு யூரியாவைக் கூட்டினால் வளர்ச்சி கூடும், மஞ்சள் போகாது. ஃபெரஸ் சல்பேட்டை மெல்லிய கரைசலாக இலையில் தெளிக்க வேண்டும். கல்லிலும் சிமென்டிலும் பட்டால் துருக்கறை போகாது என்பதையும் நினைவில் வைக்கவும்.

மூன்றாம் வருடம் கத்தியால் கையகலத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில், பஞ்சு மெத்தைபோல ஒரு படலம் இருக்கும். அது 1 செ.மீ.-க்குள் இருந்தால் நல்லது. வெயிலிலிருந்து மண்ணைக் காக்கும். அதைத் தாண்டினால் தண்ணீர் அதிலேயே நின்று ஆவியாகும், வேரும் மண்ணை விட்டு அந்த மெத்தைக்குள் ஏறிவிடும். ஒட்டு பெர்முடாவிலும் சோய்சியாவிலும் இது சீக்கிரம் சேரும், உரம் தாராளமாகப் போட்ட இடத்தில் இன்னும் சீக்கிரம். புல் வேகமாக வளரும் பருவத்தின் தொடக்கத்தில் செங்குத்துக் கத்தி இயந்திரத்தால் கீறிச் சருகை வாரிவிட்டு, மண்துளை போட்டு, சலித்த மணலை 5 மி.மீ. கனத்துக்குப் பரப்பித் துடைப்பத்தால் உள்ளே தள்ள வேண்டும். 100 சதுர மீட்டருக்கு அரை கன மீட்டர் மணல் ஆகும். அதன்பின் பெர்முடா இரண்டு மூன்று வாரம் பார்க்கவே பரிதாபமாக இருக்கும், பிறகு மூடிக்கொள்ளும். சோய்சியாவுக்கு அதைவிட மிக அதிக நாள் பிடிக்கும் என்பதால், அதில் கத்தியை ஆழமாக இறக்காமல் மேலோட்டமாகக் கீறி, மீதியை அடுத்த பருவத்துக்கு விட்டுவைப்பதே பாதுகாப்பு.