கிரிட்டியா, டேனியேலியா, சிப்ரியானியா: வெனிஸில் காசை எந்தக் கரையில் கொட்டுவது?

வெனிஸ் கிளம்புகிற நண்பர்கள் கேட்பது இதைத்தான்: வாழ்நாளில் ஒரு தடவை, இரண்டு ராத்திரி, கையைக் கடித்தாலும் பரவாயில்லை, எங்கே தங்கலாம்? யாரிடம் விசாரித்தாலும் கடைசியில் கிரிட்டி பேலஸ், டேனியேலி, சிப்ரியானி என்று இந்த மூன்றில்தான் வந்து நிற்கும். சீசனில் ஒரு ராத்திரி வாடகை ஆயிரம் யூரோவைச் சுலபமாகத் தாண்டுகிற இடங்கள். மூன்றிலும் படுத்துத் தூங்கியவன் இல்லை நான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிட்டியில் இரண்டு ராத்திரி தங்கினேன், மற்ற இரண்டிலும் ஒரு காபியைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான்.

மெத்தை, குளியலறைப் பளிங்கு, காலைச் சாப்பாடு எல்லாம் இந்த விலைக்கு எந்த ஊரிலும் நன்றாகத்தான் இருக்கும், அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். வெனிஸில் நாம் காசு கொடுப்பது ஜன்னலுக்கும் படகுத்துறைக்கும். ஊருக்குள் கார் கிடையாது, பால், தலையணை உறை, குப்பை, ஆம்புலன்ஸ் எல்லாமே படகில்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு படி வைத்த பாலம் நாலு ஏறி இறங்கினால் கல்யாண நாள் கொண்டாட்டம் அங்கேயே முடிந்துவிடும். இந்த மூன்று ஹோட்டல்களுக்கும் தண்ணீர்ப் பக்கம் சொந்த வாசல் இருக்கிறது, மார்கோ போலோ விமான நிலையத்தில் வாட்டர் டாக்ஸி பிடித்தால் நேராக வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். அதற்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகும். அறைக்கு ஆயிரம் கொடுத்துவிட்டு இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கிரிட்டியில் ஆரம்பிக்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். 1475-ல் பிசானி குடும்பம் கட்டிய மாளிகை. வெனிஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், 1523-ல் அதன் தலைவரான ஆந்திரேயா கிரிட்டி வாழ்ந்த வீடு, பேர் அவருடையது. எழுத்தாளர் ஹெமிங்வே தங்கிய அறைக்கு அவர் பேரே வைத்திருக்கிறார்கள். மொத்தம் 82 அறைகள், 2013-ல் முடிந்த பெரிய சீரமைப்புக்குப் பிறகும் பழைய வீட்டு வாசனை போகவில்லை. ஊர் நடுவே ஓடும் பெரிய கால்வாயான கிராண்ட் கால்வாயின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, எதிர்க்கரையில் சலூத்தே தேவாலயம். 1630-ல் பிளேக் வந்து ஊரைப் புரட்டிப் போட்டபோது, நோய் நின்றால் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டு எழுப்பியது. சேற்றில் பத்து லட்சத்துக்கும் மேல் மரக்கம்பங்களை அடித்து இறக்கி அதன் மேல் கட்டியதாகக் கணக்கு சொல்வார்கள். காலை ஆறரைக்கு அந்த வெள்ளைக் குவிமாடத்துக்குக் கீழே சாமான் படகுகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே போவதைப் பார்த்தபோதுதான் கொடுத்த பணம் மறந்தது.

ஆனால் கிரிட்டியில் எல்லா அறைக்கும் இந்தக் காட்சி இல்லை. விலை குறைந்தவை பக்கத்துச் சிறு கால்வாயையோ பின்னாலிருக்கும் முற்றத்தையோ பார்க்கும். ‘கால்வாய் பார்த்த அறை’ என்ற வார்த்தையை நம்பி நான் முன்பொரு தடவை ஏமாந்திருக்கிறேன், அது வேறொரு நடுத்தர ஹோட்டல், பேர் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் எதிர்வீட்டுச் சுவர், கீழே இரண்டு படகு அகலத்துக்குத் தண்ணீர். அதுவும் கால்வாய்தான், சட்டப்படி குறை சொல்ல முடியாது! அதனால் எந்த ஹோட்டலாக இருந்தாலும் கிராண்ட் கால்வாய் என்ற சொல் உங்கள் முன்பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அது இல்லை.

டேனியேலி இடத்தில் ஜெயிக்கும். தோஜே, அதாவது அந்தக் காலக் குடியரசுத் தலைவர், இருந்த அரண்மனைக்கு இரண்டு நிமிட நடை, எதிரே கடல் மாதிரி விரிந்த காயல். தண்டோலோ குடும்பத்தின் பதினான்காம் நூற்றாண்டு மாளிகையை 1820-களில் தால் நியேல் என்பவர் ஹோட்டலாக்கினார், அவர் செல்லப் பேர்தான் டேனியேலி. உள்ளே கூடத்தில் இருக்கிற அந்தப் படிக்கட்டு ஒன்றுக்காகவே போகலாம். பெண் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டும் கவிஞர் முஸ்ஸேயும் 1834 வாக்கில் காதல் ஜோடியாக இங்கே வந்து தங்க, முஸ்ஸே காய்ச்சலில் விழ, வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் மீது சாண்டுக்குக் காதல் வந்த கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், டேனியேலி ஒரு கட்டடம் இல்லை, மூன்று. பழைய மாளிகை, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று, அப்புறம் 1948-ல் எழுந்த ஒன்று. 1172-ல் ஒரு தோஜேயை அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொன்றுவிட்டதால் அங்கே உயரமாகக் கல் கட்டடம் கட்டக் கூடாது என்று தடை போட்டார்கள், 1948 வரை அதை மீறவில்லை என்பார்கள். மீறியதற்கு வந்து நின்ற கட்டடத்தைப் பார்த்தால் தடையே தேவலை என்று தோன்றும். படிக்கட்டுப் படத்தைப் பார்த்து மயங்கி, இந்தப் புதுக் கட்டடத்தில் அறை வாங்குவது காசைக் கரியாக்குவது. ஃபோர் சீசன்ஸ் என்ற ஹோட்டல் குழுமத்துக்கு நிர்வாகம் கைமாறுவதை ஒட்டிய பெரிய சீரமைப்பு வேறு, எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு விமான டிக்கெட் போடுங்கள்.

சிப்ரியானி வேறு ஜாதி. ஹாரிஸ் பார் என்ற பேர்பெற்ற வெனிஸ் மதுக்கூடத்தை ஆரம்பித்த ஜுசெப்பே சிப்ரியானி 1958-ல் ஜியுதெக்கா தீவின் முனையில் திறந்தது. பெல்மாண்ட் ஹோட்டல் குழுமத்தோடு சேர்த்து 2019-ல் எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அங்கே தோட்டம் உண்டு, ஊர் நடுவில் வேறெங்கும் கிடைக்காத பிரம்மாண்ட நீச்சல் குளம் உண்டு. வரைபடத்தில் அடியையும் மீட்டரையும் குழப்பியதால்தான் குளம் இவ்வளவு பெரிதாகப் போனது என்று ஒரு கதை, நம்புவது உங்கள் பாடு. ஊரின் மையச் சதுக்கமான சான் மார்கோவுக்கு ஹோட்டல் படகு இலவசம், சில நிமிடம்தான். ஜூலை வெயிலில், குழந்தைகளோடு, கூட்டத்தைக் கண்டாலே எரிச்சல் வருகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம். ஆனால் வெனிஸுக்குள் இருக்கிற உணர்வு வராது, வெனிஸைத் தூரத்திலிருந்து பார்க்கிற உணர்வுதான். இரண்டாவது தடவை போகிறவருக்கு அது பெரிய சுகம், முதல் தடவைக்காரர் எதையோ தவறவிட்ட மாதிரி தவிப்பார். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

குளிர்காலம் என்றதும் வெள்ளம் ஞாபகம் வரும். 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் ஏறியது, 1966-ன் 194-க்குப் பிறகு அதுதான் உச்சம். 2020 அக்டோபரிலிருந்து காயலின் வாய்களில் மோசே என்ற வெள்ளத் தடுப்பைத் தூக்குகிறார்கள், 78 இரும்புக் கதவுகள், கடல் ரொம்ப ஏறினால் எழுந்து நின்று அடைக்கின்றன. அதனால் நவம்பரைக் கண்டு முன்பு போல் பயப்பட வேண்டியதில்லை, வாடகையும் கோடையை விட இறங்கும்.

என் ஓட்டு கிரிட்டிக்கு, அதுவும் ஜூனில் ஐந்து ராத்திரியை விட நவம்பரில் இரண்டு ராத்திரிக்கு. தேதி கேட்டால் நவம்பர் 21-ஐ ஒட்டி. அன்றைக்குத்தான் அந்தப் பிளேக் நேர்த்திக்கடனை இன்னும் தீர்க்கிறார்கள். கிரிட்டிக்குப் பக்கத்திலிருந்து கிராண்ட் கால்வாய்க்குக் குறுக்கே சலூத்தே கோயில் வரைக்கும் தற்காலிகப் பாலம் போட்டு, ஊர் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக நடந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறார்கள். மற்ற நாட்களில் அதே கரைக்குப் போக, திராகெட்டோ என்கிற அக்கரைப் படகு ஓடுகிற நாளாக இருந்தால், 2 யூரோ கொடுத்து அலங்காரம் இல்லாத கொண்டோலாவில் உள்ளூர்க்காரர்களோடு ஏறிக்கொள்ளலாம், அரை மணி நேரத்துக்கு 90 யூரோ வாங்குகிற கொண்டோலாவும் அதே தண்ணீரில்தான் மிதக்கிறது.