5 வெயிட் ஃப்ளை ராட் காம்போ: புதுச்சேரியில் பழகி அவலாஞ்சியில் வீசப் போகிறவர்களுக்கு

ராட் நன்றாக இருக்கிறது. ரீல் போதும். லைனை மாற்றியே ஆக வேண்டும். கூட வரும் ஃப்ளைகளை, அதாவது பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முட்களை, தொட வேண்டாம். இணையத்தில் நாலைந்து பெயர்களில் விற்கும் 9 அடி, 4 துண்டு, 5 வெயிட் கார்பன் காம்போவை, அதாவது ராட், ரீல், லைன், ஃப்ளை எல்லாம் சேர்ந்த கிட்டைப் பற்றிய தீர்ப்பு இதுதான். ஆனால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருந்துகொண்டு ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ நீலகிரிக்கு ட்ரவுட் மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு மட்டும் போதாது. நம் ஊர் வெக்கை இந்த கிட்டைப் பற்றித் தப்பான முடிவுக்கு வரவைக்கும்.

முதலில் லைன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் குண்டு கிடையாது, லைனின் எடையேதான் பறக்கும். அதனால் லைன் எடை தப்பினால் எல்லாமே தப்பும். 5 வெயிட் லைன் என்றால் நுனியிலிருந்து முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது 9 கிராம் சொச்சம் இருக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 30 அடியை அளந்து அடையாளம் வைத்து, அந்தப் பகுதியை மட்டும் நகைத் தராசில் சுருட்டி வையுங்கள். 8.7க்கும் 9.5 கிராமுக்கும் நடுவில் காட்டினால் சரி. 10.4 காட்டினால் அது 6 வெயிட் லைன். 7.8 என்றால் 4. மலிவு கிட்களில் இந்தக் குழப்பம் சகஜம்.

எடை சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. கிட்டில் வருவது குளிர்ந்த தண்ணீருக்கான லைன். மேலே பூசிய பிளாஸ்டிக் 10, 15 டிகிரியில் வளைந்து கொடுக்கும்படி செய்தது. புதுச்சேரி வெயிலில் அது துவண்டு ராடின் வளையங்களில் ஒட்டும், வழுக்கி ஓடாது. புதிதாகப் பழகுகிறவர் ராடைத்தான் குறை சொல்வார். இதற்குப் பயந்து வெப்பமண்டல லைன் வாங்கிவிட்டால் நீலகிரி அவலாஞ்சியின் குளிரில் அது ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கும். ட்ரவுட்டுக்குப் போகிறவர் குளிர்நீர் லைனையே நல்லதாக ஒன்று தனியாக வாங்கி, இங்கே காலை ஏழு மணிக்குள் பழகிக்கொள்வதுதான் சரி. கிட்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதியையாவது லைனுக்கு ஒதுக்கலாம், வீணாகாது. கிட்டோடு வந்த லைனைப் பழகுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழகும்போது கடல் மணலிலும் தார் ரோட்டிலும் லைனைப் போடாதீர்கள், பூச்சு சிராய்ந்துவிடும். புல்தரைதான் நல்லது. நுனியில் முள் வேண்டாம், சிவப்பு உல்லன் நூல் ஒரு துணுக்கு கட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். வலது கைக்காரர் தென்கிழக்கைப் பார்த்து நின்றால் காற்று இடப்பக்கமாக வந்து லைனை உடம்பிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். எதிர்த்திசை பார்த்து நின்றால் லைன் காதோரம் வந்து அடிக்கும். தேங்காய்த்திட்டு, சுண்ணாம்பாறு ஓரமாகச் சாயங்காலம் பழகுகிறவர்கள் டீட் கலந்த கொசு விரட்டியைத் தடவிய கையோடு லைனைத் தொடக் கூடாது. அது பூச்சைக் கரைத்துவிடும்.

இனி ராட். இந்த விலைக்கு இது உண்மையிலேயே நல்ல சரக்கு. நடுப்பகுதி வரை வளைகிறது, நுனி வேகமாக நிமிர்கிறது, 12 மீட்டர் வரை சிரமமில்லாமல் போகும். பெட்டியைத் திறந்ததும் நாலு துண்டையும் பொருத்தி, கைப்பிடிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மூட்டுகளில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து, கால் சுற்று திருப்பி அழுத்தினால் வீசும்போது கழன்று பறக்காது. மூட்டு இறுகிய பின்னும் சற்றே இடைவெளி தெரிவது நல்லதுதான். கார்க் பிடியில் பொடிசான பள்ளங்களை அடைத்த மாவு இருக்கும், நாளடைவில் உதிரும். கெடுதல் ஒன்றுமில்லை.

நம் ஊரில் ராடைக் கெடுப்பது மழைக்கால ஈரம். நனைந்த ராடைக் குழலுக்குள் மூடி வைத்தால் வார்னிஷ் கொப்புளிக்கும், கார்க் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, ஒரு ராத்திரி மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு மூடுங்கள்.

ரீலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ட்ரவுட்டுக்கு அதன் பிரேக் தாராளம். வார்ப்பு உலோகம் என்பதால் உப்புத்தண்ணீர் ஆகாது. கழிமுகத்தில் மடவைக்கோ சின்னக் கொடுவாவுக்கோ வீசிப் பார்த்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலசி, பிரேக்கைத் தளர்த்திக் காயவையுங்கள். லைன் சுற்றும் ஸ்பூல் உதிரியாக ஒன்று தராதது மட்டும் நிஜமான குறை. மிதக்கும் லைனோடு எடை ஏற்றிய நிம்ஃப் (தண்ணீருக்குள் வாழும் இளம் பூச்சி மாதிரியான ஃப்ளை) கட்டினால் ஏரியில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழம் வரைதான் எட்டும். குளிர்காலத்தில் மீன் அதற்கும் கீழே இருந்தால் மூழ்கும் லைன் வேண்டும், அதற்கு இன்னொரு ஸ்பூல் வேண்டும்.

பேக்கிங்கையும் (லைனுக்கு அடியில் ரீலில் சுற்றிய மெல்லிய கயிறு) லைனையும் சேர்த்த முடிச்சைக் கண்டிப்பாக இழுத்துப் பாருங்கள். ஆலையில் போட்ட முடிச்சு பெரும்பாலும் தளர்வாக இருக்கும். அவிழ்த்துவிட்டு, தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபில்லை இரண்டு அங்குலம் நறுக்கி லைன் நுனியோடு சேர்த்துப் பிடித்து, பேக்கிங்கை ஆறு சுற்று சுற்றுங்கள். அதன் நுனியை ரீஃபில் வழியே திரும்ப நுழைத்து, ரீஃபில்லை உருவி, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மறுபடி கட்ட வேண்டியதுதான்.

லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும், போகப்போக மெலிகிற நரம்புதான் லீடர். கூட வருவது ஒன்றே ஒன்று. அது மரக்கிளையில் மாட்டியதும் தீர்ந்தது. கடலூர் முதுநகரிலோ தேங்காய்த்திட்டுத் துறைமுகம் பக்கமோ உள்ள தூண்டில் கடையில் தடித்த நரம்பெல்லாம் கிடைக்கும். மிமீ அளவு பார்த்து வாங்கி நாமே கட்டிவிடலாம்: 0.50இல் 90 செமீ, 0.45இல் 40, 0.40இல் 25, 0.35இல் 20, பிறகு 0.30, 0.25, 0.20 ஒவ்வொன்றிலும் 15, கடைசியில் 0.15இல் 55. மொத்தம் 275 செமீ, ஏறக்குறைய 9 அடி. அடுத்தடுத்த நரம்புகளின் தடிமன் 0.05க்கு மேல் மாறினால் முடிச்சு நழுவும், லீடரும் நேராக விரியாது. கடைசி 0.15 நரம்பை மட்டும் டிப்பெட் என்றே விற்கும் 5எக்ஸ் சுருளாக வாங்குங்கள். கடல் நரம்பு அவ்வளவு மெல்லிசில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விறைப்பாக இருக்கும்.

ஃப்ளைகள் பளபளவென்று இருக்கும், முள் ஈயம் போல மெத்தென்று இருக்கும். முனையை மர விளிம்பில் குத்தி லேசாக நெம்பினால் விரிந்துவிடுகிறது. ஓடைக்கு 14, 16 அளவில் ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் நிம்ஃப்களும், ஏரிக்கு 10 அளவில் கறுப்பு, ஆலிவ் நிற வூலி பகர் ஃப்ளைகளும் தனியாக வாங்குங்கள். முள்ளின் எதிர்மடிப்பைக் குறடால் நசுக்கிவிடுங்கள். அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைத்து வளர்த்ததால்தான் நீலகிரியில் ட்ரவுட் இருக்கிறது. கார்த்திகையில் முட்டை நிரம்பிய பெட்டைகளும் மாட்டும். அவற்றை நனைந்த கையால் பிடித்துத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.

ஊட்டியில் மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிய பிறகே பஸ்ஸுக்கு டிக்கெட் போடுங்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் ராடை எடுத்துக்கொண்டு போகவே கூடாது.