திருமலை தர்ம தரிசன வரிசை: காத்திருக்கத் தயாராக இருப்பவர்களுக்கு

நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துத் தமிழர்களிடம் "மலைக்குப் போறோம்" என்றால், எந்த மலை என்று யாரும் கேட்பதில்லை. அந்த மலையில் காசில்லாமல் கிடைக்கும் தர்ம தரிசனத்தைப் பற்றிய விமர்சனம் இது. 300 ரூபாய் டிக்கெட் நேரத்தை மிச்சப்படுத்தும். கைக்குழந்தையும் வேலையும் வைத்திருப்பவர்களுக்கு அதுவே சரி. ஆனால் கல்யாணம், குழந்தை, வேலை என்று ஏதோ ஒன்று வருஷக்கணக்கில் தள்ளிப்போகிற பாரத்தோடு மலையேறுகிறவர்களுக்கு இலவச வரிசையையே சொல்வோம். எப்போது கதவு திறக்கும் என்று தெரியாமலே, திறக்கும் என்று நம்பி உட்காரப் பழக்குகிற இடம் அது.

டோக்கன் வாங்கிக்கொண்டு போவது நல்லது. கீழ்த்திருப்பதியில் ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பஸ் நிலையத்தருகே சீனிவாசம், அலிபிரியில் பூதேவி வளாகம் ஆகிய இடங்களில் நேரம் குறித்த டோக்கன் கொடுத்து வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆதார் வேண்டும். அன்றைய கணக்கு தீர்ந்தால் கவுண்டர் மூடிவிடும். கவுண்டரும் நேரமும் அடிக்கடி மாறுவதால், கிளம்புமுன் தேவஸ்தானத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டோக்கன் இல்லாவிட்டாலும் தரிசனம் உண்டு. நேரே வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸுக்குப் போகலாம். அங்கே பக்தர்கள் காத்திருக்கும் கூடங்களான 31 கம்பார்ட்மென்ட்டும் நிரம்பிவிட்டால் வரிசை வெளியே சிலாதோரணம் என்ற பாறை வளைவு வரை நீளும். புரட்டாசி சனிக்கிழமையில் அப்படிப் போய் நின்றால் ஒரு பகலையும் ஓர் இரவையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமை மனசில் உடைவதற்கு முன்னால் உடம்பில் உடைகிறது. கழிப்பறைக்குப் போனால் இடம் போய்விடும் என்று பயந்து பலர் தண்ணீரே குடிப்பதில்லை. நாலு மணி நேரத்தில் தலைவலி, அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு சண்டை. கம்பார்ட்மென்ட்டிலேயே கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் வருகிறது, சேவகர்கள் உப்புமாவோ பொங்கலோ கொண்டுவருகிறார்கள், குழந்தைகளுக்குப் பால் கிடைக்கிறது. மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. ஒரு எவர்சில்வர் பாட்டில் போதும். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். போனை முன்னாலேயே ஒப்படைத்துவிடுங்கள், உள்ளே விடமாட்டார்கள். கையில் போன் இல்லாத முதல் ஒரு மணி நேரம்தான் கஷ்டம்.

கம்பிக்கதவு கிரீச்சிட்டால் "கோவிந்தா" என்று கூட்டமே எழுந்து ஓடும். ஓடாதீர்கள். முதியவர்கள் விழுவது அந்த நெரிசலில்தான். கடைசியாக எழுந்தவரும் அதே சன்னதிக்குத்தான் போகிறார்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: வேண்டுதலை சன்னதிக்கு எடுத்துப் போகாதீர்கள். உள்ளே கிடைப்பது சில நொடி. அதற்குள் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளிவிடுவார்கள். வேண்டுதலைச் சொல்ல ஆரம்பித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், பெருமாளைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுவோம். சொல்ல வேண்டியதையெல்லாம் கம்பார்ட்மென்ட்டில் உட்கார்ந்து, அழ வேண்டுமானால் அழுது, சொல்லி முடித்துவிடுங்கள். அதற்குத்தான் அத்தனை மணி நேரம் கொடுத்திருக்கிறது.

வெள்ளி வாசல் தாண்டியதும் எட்டிப் பார்க்கத் தொடங்குங்கள். தங்க வாசலுக்கு அப்பால், கருவறையில் நெய்விளக்கு வெளிச்சம் மட்டும்தான். முதலில் திருவடி, பிறகு கை, கடைசியாக முகம். வலக்கை திருவடியைக் காட்டும். இடக்கை இடுப்பருகே இருக்கும்: சரணடைந்தவனுக்குப் பிறவிக் கடல் இடுப்பளவுதான் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வியாழக்கிழமை போனால் நகைகளைக் களைந்து திருநாமத்தையும் குறைத்திருப்பார்கள். மற்ற நாளில் மறைந்திருக்கும் கண்கள் அன்றைக்குத் தெரியும். கருவறை வாசற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். சேர நாட்டை ஆண்ட குலசேகர ஆழ்வார் இங்கே படியாகக் கிடக்கவே கேட்டார். உள்ளே போக அவசரப்படாமல், கிடந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கக் கேட்ட அரசர் அவர்.

குறை என்றால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த வரிசை ஆகாது. 65 வயது தாண்டியவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் பெற்றோரைச் சுபதம் என்ற தனி நுழைவு வழியாக விடுகிறார்கள்.

இரண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது. வரிசையில் சேருமுன் புஷ்கரணிக் கரையில் வராக சுவாமியைச் சேவித்துவிடுங்கள், முறை அதுதான். தரிசனம் முடிந்து பிராகாரம் சுற்றும்போது தங்க விமானத்தை அண்ணாந்து பாருங்கள். வெள்ளித் தோரணத்துக்குள் விமான வேங்கடேசர் இருப்பார். மூலவரைச் சேவித்த பலன் அங்கேயும் உண்டு என்பது நம்பிக்கை. உள்ளே கண் நிறையாதவர்கள் அங்கே ஓரமாக ஒதுங்கி நின்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.