‘புரோக்ளோரோகாக்கஸ்’: சக மாணவரின் கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு ஒரு மதிப்புரை

கடல் நுண்ணுயிரியல் பாடத்தின் ஒரு பகுதியாக, இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கென என் வகுப்புத் தோழி தமிழில் எழுதியிருக்கும் ‘புரோக்ளோரோகாக்கஸ்’ கட்டுரையின் வரைவை மதிப்பிடும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கையில் பென்சிலோடு படித்தேன். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் உலகிலேயே முதலிடம் வகிக்கும் பாக்டீரியா இது. இதைப் பற்றித் தமிழில் நல்ல கட்டுரை ஒன்று வரவேண்டும் என்பது என் ஆசை. இந்த வரைவு அந்த இடத்துக்கு வெகு அருகில் வந்திருக்கிறது.

வரைவின் சிறந்த பகுதி, கண்டுபிடிப்பின் வரலாறு. இரத்த அணுக்களை ஒவ்வொன்றாகப் பாயவிட்டு லேசர் ஒளியில் எண்ணுவதற்கு மருத்துவ ஆய்வகங்கள் பயன்படுத்திய ஃப்ளோ சைட்டோமீட்டர் என்னும் கருவியை 1980களின் நடுவில் கப்பலில் ஏற்றி, கடல் ஆய்வாளர்கள் சாலி சிஸம், ராபர்ட் ஓல்சன் ஆகியோரின் குழு வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலுக்குக் கொண்டுசென்றதை அவர் நிதானமாக விவரிக்கிறார். கருவியின் திரையில் ஓரமாகத் தென்பட்ட மங்கிய சிவப்புப் புள்ளிகள் முதலில் வெறும் மின்னிரைச்சலாகவே கருதப்பட்டன. ஆனால் ஆழத்திலிருந்து எடுத்த நீரில் அந்தப் புள்ளிகள் வலுப்பெற்றன. ஒளி குறையக் குறைய ஒவ்வொரு செல்லும் கூடுதல் பச்சையத்தைச் சேர்த்து வைப்பதே அதற்குக் காரணம் என்ற விளக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. இந்தப் பத்தியில் நான் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். ஆண்டுகளில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. ‘1988இல் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று தகவற்பெட்டியில் இருக்கிறது. 1988 என்பது ஆய்வுக்கட்டுரை வெளியான ஆண்டு; பேரினத்துக்கு முறைப்படி பெயர் சூட்டப்பட்டது 1992இல். கண்டறிந்தது, வெளியிட்டது, பெயரிட்டது என மூன்றையும் பிரித்துக் காட்டினால் குழப்பம் தீரும்.

எனக்கு உடன்பாடு இல்லாத இடம் முன்னுரை. ‘நாம் இழுக்கும் ஐந்து மூச்சுகளில் ஒன்றை இந்தப் பாக்டீரியாவே தருகிறது’ என்று கட்டுரை தொடங்குகிறது. இந்த வாசகம் பல இடங்களில் புழங்குவதும், படிப்பவரை உடனே ஈர்ப்பதும் உண்மைதான். ஆனால் அதே வரைவின் நான்காம் பகுதியில் உள்ள எண்களே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. புரோக்ளோரோகாக்கஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் கார்பனை நிலைப்படுத்துகிறது என்று அங்கே எழுதியிருக்கிறார். நிலத்திலும் கடலிலுமாக ஒளிச்சேர்க்கை வழியே ஆண்டுதோறும் நிகரமாகச் சேரும் கார்பன் சுமார் 10,500 கோடி டன் என்றும் எழுதியிருக்கிறார். நிலைப்படும் கார்பனுக்கு ஏற்பத்தான் ஆக்சிஜனும் வெளியாகும் என்பதால், வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு நான்கு அளவில்தான் வருகிறது. ஐந்தில் ஒன்று எங்கே, இருபத்தைந்தில் ஒன்று எங்கே? அதோடு, கடலில் உண்டாகும் ஆக்சிஜனின் பெரும்பகுதியைக் கடல்வாழ் உயிர்களே, முக்கியமாக மற்ற பாக்டீரியாக்களே, சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. அது அப்படியே நம் மூக்குக்கு வந்து சேர்வதில்லை. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட செல்கள் வாழக்கூடிய உயிரை அறிமுகப்படுத்த மிகைக்கூற்று எதற்கு? அந்த எண்ணையே முதல் வரியில் வைக்கலாம்.

அடுத்து, படிப்பவர் எளிதில் கடந்துபோகக்கூடிய இரண்டு பிழைகள். செல்லின் விட்டம் ‘0.6 மி.மீ.’ என்று அச்சாகியிருக்கிறது. மைக்ரோமீட்டர் என்று இருந்திருக்க வேண்டும். ஆயிரம் மடங்கு வேறுபாடு இது, 0.6 மில்லிமீட்டர் என்றால் கடுகைவிடச் சற்றுச் சிறியதாகக் கண்ணுக்கே தெரிந்துவிடும். உண்மையில் ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் நூறு செல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம். இன்னொன்று, படத்தின் கீழே உள்ள ‘பச்சை நிறத்தில் காணப்படும் செல்கள்’ என்ற குறிப்பு. அது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படம். அத்தகைய படத்தில் இயல்பான நிறம் கிடையாது. பச்சை பின்னால் பூசப்பட்டது. ‘நிறமேற்றப்பட்ட படம்’ என்று ஒரு சொல் சேர்த்தாலே போதும்.

கலைச்சொற்களில் அவர் பட்ட சிரமம் எனக்குப் புரிகிறது. அந்தச் சிரமத்தை நானும் பட்டிருக்கிறேன். ஆனாலும் ‘நீலப்பச்சைப் பாசி’ என்ற பழைய வழக்கைத் தொடர்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பாசி என்றதும் குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பசுமைதான் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வரும். இதுவோ உட்கரு இல்லாத பாக்டீரியா. ‘சயனோபாக்டீரியா’ என்று எழுதி, பழைய பெயரை ஒருமுறை மட்டும் குறிப்பிடலாம். ‘புரோக்ளோரோகாக்கஸ்’, ‘புரோகுளோரோகாக்கசு’, ‘ப்ரோக்ளோரோகோக்கஸ்’ என்று ஒரே கட்டுரையில் மூன்று எழுத்துமுறைகள் இருப்பதும் தேடுபவருக்கு இடைஞ்சல். எதையாவது ஒன்றை உறுதி செய்துவிட்டு, மற்றவற்றை வழிமாற்றுப் பக்கங்களாக வைத்தால் நல்லது.

வரைவில் நான் எதிர்பார்த்து ஏமாந்த பகுதி, மரபணுக்களைப் பற்றியது. எம்இடி4 என்னும் வகையின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 16.6 லட்சம் டி.என்.ஏ. கார இணைகளையும் 1,700 மரபணுக்களையும் கொண்டது என்று சொல்லிவிட்டு, ‘எனவே இது தன்னிறைவு பெற்ற எளிய உயிர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். இங்கேதான் கதை தலைகீழாகத் திரும்புகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதிக்கான மரபணு இந்தப் பாக்டீரியாவிடம் இல்லை. சூரிய ஒளி படும் மேல்நீரில் அந்த நச்சு ஓயாமல் உண்டாகிறது; அதை அகற்றித் தருபவை அக்கம்பக்கத்து பாக்டீரியாக்கள்தாம். ஆய்வகத்தில் இதைத் தனியே பிரித்து வளர்ப்பது கடினமாக இருந்ததற்கும், துணைக்கு வேறு பாக்டீரியாவைச் சேர்த்தால் செழிப்பாக வளர்ந்ததற்கும் இதுவே முக்கியக் காரணம். சுமையைக் குறைத்துக்கொண்ட உயிர், குறைத்ததை அயலாரிடம் ஒப்படைத்திருக்கிறது. 2012இல் வெளியான ‘கருப்பு ராணி’ கருதுகோள் இந்த உறவை விளக்க எழுந்ததுதான். அதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்க வேண்டும்; இடம் போதாவிட்டால் பெயர்க்காரணப் பகுதியைப் பாதியாகச் சுருக்கலாம்.

பரவலைக் குறித்த பகுதி சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கிறது. வடக்கே 40 பாகை முதல் தெற்கே 40 பாகை வரையிலான வெதுவெதுப்பான கடல்கள் என்று எழுதியிருக்கும் இடத்தில், அரபிக்கடலும் அந்த எல்லைக்குள் அடங்கும் என்று ஒரு வரி சேர்க்கலாம். எஸ்எஸ்120 என்ற வகையின் பெயர் வெறும் குறியீடாக நிற்கிறது; சர்காசோ கடலில் 120 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டதால் வந்த பெயர் என்பதைச் சொன்னால், மங்கிய நீல ஒளியில் வாழும் வகைகளைப் பற்றிய அடுத்த பத்தி தானாகவே அதிலிருந்து தொடரும்.