குறைந்த விலையில் வோக்கல் மைக்: மூன்றை ஓட்டிப் பார்த்த அனுபவம்

தூத்துக்குடியில் வீட்டு மாடியில் ஓர் அறை, அதுதான் என் ஸ்டூடியோ. பக்திப் பாட்டு, கவர் பாட்டு, குறும்பட டப்பிங், உள்ளூர்க் கடை விளம்பரம் என்று வருவதெல்லாம் குரல் வேலைதான். சில ஆண்டுகளாக இங்கே மூன்று மைக்குகள் மாறி மாறி ஓடுகின்றன: ஆடியோ-டெக்னிகா ஏடி2020, ரோட் என்டி1-ஏ, ஷூர் எஸ்எம்58. முதல் இரண்டும் கன்டென்சர், அதாவது மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் நுட்பமான வகை. மூன்றாவது டைனமிக், மின்சாரம் தேவைப்படாத முரட்டு வகை. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்களின் அறையைப் பற்றித்தான்.

காரணம் இருக்கிறது. மைக்கின் சொந்த இரைச்சல் என்டி1-ஏவில் 5 டெசிபல், ஏடி2020இல் 20. காகிதத்தில் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் நடுராத்திரியில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாலும் சாதாரண வீட்டு அறையில் 30 டெசிபல் அளவுக்குச் சத்தம் இருக்கத்தான் செய்யும். அந்த 30க்குள் 5, 20 இரண்டுமே மறைந்துபோகும். என் வாடிக்கையாளர் யாரும் இதைக் கண்டுபிடித்ததில்லை. தெருவில் போகிற லாரியின் ஹாரனை எல்லோரும் கண்டுபிடித்தார்கள்.

வித்தியாசம் தெரிவது குரலின் நிறத்தில். என்டி1-ஏ மேல் அதிர்வெண்களைச் சற்றுத் தூக்கிக் காட்டும். கனமான ஆண் குரலுக்கு அது தெளிவு. உச்ச ஸ்தாயியில் பாடும் பெண் குரல்களுக்கோ ஸ, ஷ வருமிடமெல்லாம் ஊசி குத்தும். சமஸ்கிருத ஸ்தோத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ, ஷ சத்தத்தை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸர் போட்டுச் சரிக்கட்டலாம்தான், ஆனால் நான் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் இருபது டிகிரி போல ஒதுக்கித் திருப்பிவிடுவேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஏடி2020இல் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் குரலின் அடிப்பக்கம் கொஞ்சம் மெலிந்து கேட்கிறது என்பது என் காதின் தீர்ப்பு.

எஸ்எம்58ஐ மேடை மைக் என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். 1966இல் ஷூர் அதை வெளியிட்டபோதே ஸ்டூடியோ மைக் வரிசையில்தான் வைத்தது. தொண்டையைத் திறந்து பாடும் கிராமியப் பாடகர்கள் வந்தால் நான் வேறு மைக்கை எடுப்பதே இல்லை. உதட்டுக்கு நான்கு விரல் தூரத்தில் நின்று பாடினால் கீழ் ஸ்வரங்களுக்கு நல்ல கனம் கிடைக்கும்.

டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை எடுக்காது என்று பலர் சொல்வது பாதிதான் உண்மை. இரண்டு வகை மைக்கையும் ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவில் பதியும்படி கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் அளவைச் சரிசெய்து பாருங்கள். அறையின் எதிரொலி ஏறக்குறைய ஒன்றாகத்தான் பதியும். டைனமிக்கை நாம் வாயருகே வைக்கிறோம், அதனால் அறை பின்வாங்குகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

மூன்றுமே கார்டியாய்டு, அதாவது முன்பக்கம் நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். எனவே மெத்தையோ கனத்த ஜமுக்காளமோ தொங்கவிட வேண்டிய இடம் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தானே. மைக்குக்குப் பின்னால் மட்டும் ஃபோம் ஒட்டிவிட்டு எக்கோ போகவில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எஸ்எம்58இல் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு அது தருவது 1.85 மில்லிவோல்ட், என்டி1-ஏ தருவது 25. கன்டென்சருக்கு மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் கொடுத்தால் போதும், டைனமிக்குக்கு மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் கெயின் தாராளமாக வேண்டும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபல் கெயின். மெல்லிய குரலுக்கு அது இழுபறிதான். நான்காம் தலைமுறையில் 69, கவலையில்லை. பழைய இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் மைக்கின் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வாய்க்கு முன்னால் வைக்கும் மூச்சுத் தடுப்பான பாப் ஃபில்டர் மூன்றுக்கும் வேண்டும். தமிழ் 'ப'வில் மூச்சு அவ்வளவாக வெடிக்காது. விளம்பரங்களில் ஆங்கில வார்த்தைகள் வரும்போதுதான் தடால் தடால் என்று கேட்கும்.

கடலோர ஊர்க்காரர்கள் ஈரப்பதத்தைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி மழையில் கன்டென்சரை ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தால் காலையில் பொரிகிற மாதிரி சத்தம் வரலாம். வேலை முடிந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு என் இரண்டு கன்டென்சர்களும் போய்விடும். எஸ்எம்58க்கு இந்த உபசாரம் தேவையில்லை. வலைத்தலையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் போதும்.

தெருச்சத்தமும் வெறும் சுவரும் உள்ள அறை என்றால் எஸ்எம்58ஐ வாங்கி, மிச்சப் பணத்தில் கனத்த திரைச்சீலை தைத்துக்கொள்ளுங்கள். அறையை ஓரளவு அடக்கிவிட்டவர்கள் என்டி1-ஏ பக்கம் போகலாம். ஸ்டாண்டின் அதிர்வு மைக்குக்கு ஏறாமல் தாங்கும் ஷாக் மவுண்ட்டும் பாப் ஃபில்டரும் சேர்ந்த செட்டாகவே கிடைக்கும். ஏடி2020ஐ இப்போது நான் கிடாருக்குத்தான் அதிகம் எடுக்கிறேன்.

எஸ்எம்58இல் போலி நிறைய உலவுகிறது. பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அசலின் எடை 298 கிராம், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். போலிகள் பலவற்றில் அது இருக்காது, கையில் எடுத்தாலே எடை குறைவு என்று தெரியும். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் கையோடு ஒரு சமையலறைத் தராசை எடுத்துப் போனாலும் தப்பில்லை.