ரெடிங்கில் எங்கள் சொலிசிட்டர்: ஃபிளாட் வாங்கியதிலிருந்து உயில் வரை

பத்திரம், உயில் போன்ற வேலைகளைப் பார்க்கும் வக்கீலை இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்பார்கள். இங்கே வீடு வாங்கப் போகும் நண்பர்கள் கேட்பது, "உங்க சொலிசிட்டர் எவ்வளவு வாங்கினார்?" என்றுதான். "எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று திருப்பிக் கேட்பேன். தொகையைச் சொல்வதற்கு முன்னால் இதைப் பேசாவிட்டால் பயனில்லை.

2019-இல் ரெடிங்கில் ஃபிளாட் வாங்கியபோது போன அலுவலகத்துக்குத்தான் இன்னும் போய்வருகிறோம். ஒரு கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன இடம். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

வீட்டைக் காட்டிய எஸ்டேட் ஏஜென்ட் தன் ஆளிடம் போகச் சொல்லி விடாமல் நச்சரித்தார். அப்படி ஆள் அனுப்புவதற்குக் கமிஷன் உண்டு. வாங்குவது தவறில்லை, ஆனால் சொலிசிட்டர் அதை நம்மிடம் சொல்லியாக வேண்டும். இன்னொரு பக்கம், இணையத்திலேயே வேலையை முடிக்கும் ஒரு நிறுவனம் 499 பவுண்ட் என்றது. அந்தக் கொட்டேஷனை நிதானமாகப் படித்தால் லீஸ்ஹோல்டு (மனை நம்முடையதாகாமல் நீண்ட காலக் குத்தகையில் வரும் வீடு) என்பதற்குத் தனி, வங்கிக் கடன் இருந்தால் தனி, அடையாளச் சரிபார்ப்புக்குத் தனி, ஸ்டாம்ப் டியூட்டி படிவம் நிரப்பத் தனி, பணம் அனுப்பத் தனி. எல்லாவற்றுக்கும் மேல் 20 சதவீதம் வாட் வரி.

மாடி அலுவலகத்தில் 995 என்றார்கள். அதில் மேலே சொன்னவை எல்லாம் அடக்கம். அதற்குக் கீழே வாட்டைத் தனி வரியில் போட்டு, கவுன்சில் சர்ச், தண்ணீர்-சாக்கடை சர்ச், சுற்றுச்சூழல் சர்ச் (வீட்டைப் பற்றி அந்தந்த இடத்தில் விசாரித்து வாங்கும் விவரங்கள்), லேண்ட் ரெஜிஸ்ட்ரி (சொத்துப் பதிவு அலுவலகம்) கட்டணம் என்று அவர்கள் வழியாக வெளியே போகும் பணத்தையும் வரிவரியாகக் காட்டியிருந்தார்கள். கட்டடத்தை நிர்வகிக்கும் கம்பெனிக்கு வீடு கைமாறியதைத் தெரிவித்துக் கட்டும் நோட்டீஸ் கட்டணத்துக்கு மட்டும் தொகை இல்லை. அதை அந்தக் கம்பெனிதான் முடிவு செய்யும் என்று எழுதியிருந்தது. கடைசி பில்லில் கூடியதும் அந்த ஒரு வரிதான். 499-காரரின் கணக்கையும் முழுதாகக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நூறு பவுண்டுக்குள் வந்து நின்றது.

இது அவர்களின் நல்ல மனசு மட்டும் இல்லை. சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ. 2018 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. வீடு வாங்குவது, விற்பது, தகராறு இல்லாத புரோபேட் (இறந்தவர் சொத்தைப் பிரித்துக் கொடுக்க வாங்கும் அனுமதி), வேலையிலிருந்து நியாயமில்லாமல் நீக்கிய வழக்கு, புகலிடம் தவிர்த்த குடியேற்ற வேலைகள் போன்ற சிலவற்றுக்கு ஃபீஸ் விவரத்தை இணையதளத்திலேயே போட வேண்டும். வாட் உண்டா, வெளிச்செலவு என்னென்ன, வேலையைச் செய்பவருக்கு என்ன அனுபவம், ஏறக்குறைய எவ்வளவு காலம் ஆகும் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஊரில் வக்கீலிடம் ஃபீஸ் கேட்கவே கூச்சப்படுவோம். "பார்த்துக்கலாம் சார்" என்பார். கடைசியில் பார்த்துக்கொள்வது நாம்தான். அந்தக் கூச்சத்தை இங்கே மூட்டை கட்டி வைத்துவிடலாம். விவரம் போடாத அலுவலகத்துக்கு நான் போனே செய்வதில்லை.

குறைக்கு வருகிறேன். எங்கள் ஃபைலைப் பார்த்துவந்த பெண் பாதியில் நீண்ட விடுப்பில் போனார். யாரும் சொல்லவில்லை. மெயில் போட்டால் பதில் இல்லை, போன் செய்தால் "திரும்பக் கூப்பிடுவார்கள்". ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கிய கடிதத்தில், புகார் இருந்தால் எந்தப் பங்குதாரருக்கு எழுத வேண்டும் என்று பெயர் போட்டிருந்தார்கள். அவருக்கு எழுதியதும் அந்த வாரமே கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, புது ஆளின் நேரடி எண்ணைக் கொடுத்தார். முறைப்படி புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீராவிட்டால் வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசு இல்லை. எங்களுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படவில்லை.

குழந்தை பிறந்த பிறகு உயிலுக்காகப் போனோம். உயில் அந்த விதிக்குள் வராது, அதனால் இணையதளத்தில் தொகை இல்லை. போனில் கேட்டதும், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 450, வாட் தனி என்று சொல்லி, மெயிலிலும் அதையே எழுதி அனுப்பினார்கள். இங்கே உயில் எழுதித் தருகிறேன் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், சொலிசிட்டராக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. குறைந்த தொகைக்கு எழுதித் தருபவர்களும் இருந்தார்கள். ஆனால் நாங்கள் கொடுத்த காசு எங்கள் சொலிசிட்டர் கேட்ட ஒரே கேள்வியில் திரும்பி வந்துவிட்டது: "இந்தியாவில் சொத்து இருக்கிறதா?"

திருச்சியில் அப்பா என் பெயரில் எழுதிய வீடு இருக்கிறது. அங்குள்ள வீடு, நிலத்துக்கு அங்குள்ள சட்டம்தான், அதற்கு ஊரிலேயே ஒரு வக்கீலை வைத்துத் தனி உயில் எழுதுங்கள் என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். வழக்கமான உயிலில் முதல் வரியாக "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்று வரும். அதை அப்படியே விட்டால், பின்னால் எழுதிய உயில் முன்னால் எழுதியதை அடித்துவிடும். அதனால் எங்கள் உயிலில் இது இங்குள்ள சொத்துக்கு மட்டும் என்று வரம்பு போட்டார். ஊர் உயிலிலும் அதேபோல் எழுதச் சொல்லி அனுப்பினார். திருச்சி வக்கீலிடம் இதைச் சொன்னபோது, அவருக்கு அது புதிதல்ல. ஆனால் வெளிநாட்டில் ஒரு உயில் இருப்பது நாங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

கூடவே, நாளை எங்களுக்கு நினைவு தவறினால் எங்கள் சார்பில் முடிவெடுக்க ஆள் நியமிக்கும் எல்.பி.ஏ. பற்றியும் கேட்டோம். அவர்கள் செய்தால் தனி ஃபீஸ் உண்டு, ஆனால் உங்கள் குடும்பத்தில் சிக்கல் எதுவும் இல்லை, அரசு இணையதளத்தில் நீங்களே போடலாம் என்றார். என் மனைவி வெளியே வந்ததும், "வர்ற காசை வேண்டாங்கிற வக்கீலை இப்பதான் பாக்கிறேன்" என்றாள். பதிவுக் கட்டணம் அப்போது ஒன்றுக்கு 82 பவுண்ட். பணம், சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று, இருவருக்கும் நான்கு, ஆக 328. கையெழுத்துகள் வரிசை மாறக்கூடாது: முதலில் எழுதிக் கொடுப்பவர், அடுத்து, அவர் புரிந்துதான் செய்கிறார் என்று சான்று தருபவர், கடைசியில் பொறுப்பேற்பவர். மாறினால் பதிவு செய்ய மாட்டார்கள்.

இன்றைக்கும் மெயிலுக்குப் பதில் தாமதம்தான். அவசரம் என்றால் நேரில் போவதே வழி. வங்கிக் கணக்கு எண்ணை மாற்றியதாக மெயில் வந்தால் எங்கள் பெயரில் வந்திருந்தாலும் நம்பாதீர்கள், போன் செய்து கேளுங்கள் என்று ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் போடுகிறார்கள். வீட்டுப் பணம் முழுதும் திருடன் கணக்குக்குப் போன கதைகள் இங்கே உண்டு என்பதால் அது எனக்குப் பிடித்திருக்கிறது. விசா வேலை அவர்கள் செய்வதில்லை. அதற்கு வேறு இடம் தேட வேண்டும். கடை வைத்து விசா ஃபாரம் நிரப்பித் தருபவர்களிடம் போவதற்கு முன், அவர் எஸ்.ஆர்.ஏ. பட்டியலிலோ குடியேற்ற ஆலோசகர்களுக்கான அரசுப் பதிவேட்டிலோ இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். இரண்டையும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.