ஃபிரேம்லெஸ் ஷவர் கதவுக்கான பிவிசி சீல்: எந்த வடிவம் எந்தச் சந்துக்கு?

சட்டமில்லாத கண்ணாடி ஷவரில் சந்து இருப்பது வேலைக் குறை அல்ல. கதவு இடிக்காமல் திறந்து மூட வேண்டுமானால் கீல் பக்கம் சுமார் 5 மி.மீ., கைப்பிடி பக்கம் 3 முதல் 5 மி.மீ., அடியில் 10 முதல் 12 மி.மீ. விட்டுத்தான் கண்ணாடிக்கே அளவு கொடுப்பார்கள். அந்தச் சந்துகளுக்காக விற்பவைதான் கண்ணாடி விளிம்பில் சொருகிக்கொள்ளும் நிறமற்ற பிவிசி சீல்கள். வடிவமும் அளவும் பொருந்தினால் கொடுத்த காசுக்கு வேலை செய்யும் பொருள் இது. பொருந்தாவிட்டால், இருந்த ஒழுகலோடு கதவு மூடாத தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றில் அதிகம் உழைப்பது அடி சீல். கண்ணாடியைக் கவ்வும் கெட்டியான பகுதி, அதன் கீழே தொங்கும் மெல்லிய நாக்கு, பக்கவாட்டில் சரிந்து நீளும் ஒரு சிறகு என மூன்றும் உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும். கதவின் உள்முகத்தில் வழிந்து வரும் தண்ணீரைக் குளிக்கும் பக்கமே தள்ளிவிடுவது அந்தச் சிறகுதான். அது உள்ளே பார்க்க இருக்க வேண்டும். ‘புது சீல் போட்டும் ஒழுகுகிறது’ என்றால் முதலில் இதைப் பாருங்கள். சிறகு வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் வழியும் நீர் அதன் மேல் விழாமல் நேராகக் கதவுக்கு அடியிலுள்ள தரைத்திண்டில் சொட்டும்.

கதவின் அடி அகலத்தை அளந்து, 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, நெருக்கமான பல் உள்ள ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் கெட்டிப் பகுதி பிளக்காது. சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு மூலையில் தொடங்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால் ஏறிவிடும். நாக்கு திண்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். முழுதாக மடிந்து இழுபட்டால் சீக்கிரம் கிழியும், கதவும் கடைசிவரை மூடாது. நாக்கின் உயரத்தைச் சீவிச் சரிசெய்யலாம்.

கண்ணாடியின் தடிமனை அளக்காமல் வாங்காதீர்கள். 10 மி.மீ. சீலை 8 மி.மீ. கண்ணாடியில் போட்டால் சில வாரங்களில் நகர்ந்து ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். சிலிக்கானால் ஒட்டிச் சமாளிப்பது தவறு. இது தேய்ந்ததும் கழற்றி மாற்ற வேண்டிய பொருள். சரியான அளவுக்கு மாற்றி வாங்குவதே நல்லது.

பக்கச் சந்துகளுக்கு, விளிம்பில் உப்பிய குழல் உள்ள குமிழ் சீலோ, தட்டையான மெல்லிய நாக்கு நீளும் துடுப்பு சீலோ போதும். கீல் வரும் இடங்களில் அதைத் துண்டாக வெட்டியாக வேண்டும், அந்த இடங்களில் சிறு இடைவெளி நிற்கத்தான் செய்யும். காந்த சீலை மட்டும் யோசித்து வாங்குங்கள். கதவிலும் எதிர்க் கண்ணாடியிலும் ஜோடியாக வரும் இதற்குக் கணிசமான இடம் வேண்டும். 4 மி.மீ. சந்து விட்டு மாட்டிய கதவில் இது நுழையாது. டஃபன்ட் (சூடாக்கிக் கெட்டிப்படுத்திய) கண்ணாடியைப் பிறகு வெட்டவோ இழைக்கவோ முடியாது. ஆகவே காந்த சீல் வேண்டுமென்றால் கண்ணாடிக்கு அளவெடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

அசையாத கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள 2–3 மி.மீ. சந்துக்குச் சீல் வேண்டாம், சிலிக்கான்தான். வினிகர் வாடை அடிக்கும் வகை மார்பிளைக் கறையாக்கும், சில உலோகங்களை அரிக்கும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள், இயற்கைக் கல் என்றால் கறை படியாது என்று குறிப்பிட்டதைப் பாருங்கள். கண்ணாடி நேராக டைல்ஸ் மேல் உட்காரக் கூடாது, அடியில் பிளாஸ்டிக் கட்டைகள் வேண்டும். சந்தை நன்றாகக் காயவிட்டு, இரு பக்கமும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் அடைத்து விரலால் வழித்து, சிலிக்கான் மேல் ஏடு படர்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

எந்த சீலாலும் தீராத கோளாறு, திண்டின் வாட்டம் (சரிவு) தப்பாக இருப்பது. திண்டின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே ஓட வேண்டும், 100 மி.மீ. அகலத் திண்டுக்கு 2 மி.மீ. சரிவு போதும். தேங்கினாலோ வெளியே வந்தாலோ, கதவுக்கோட்டுக்கு அடியில் தாழ்வான தடுப்புப் பட்டை ஒன்றைச் சிலிக்கானால் ஒட்டுவது ஓரளவு காப்பாற்றும். ஷவர் தலை கதவைப் பார்த்து இருந்தாலும் இதே கதைதான், அதைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். கைப்பிடி பக்கச் சந்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் கதவு தொங்கியிருக்கிறது. முதலில் கீலைச் சரிசெய்துவிட்டுத்தான் சீல் வாங்க வேண்டும்.

பிவிசி நாளாக ஆக மஞ்சளாகும், விறைக்கும், மடிப்பில் பூஞ்சை பிடிக்கும். பிளீச் ஊற்றித் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும், மிதமான சோப்பும் துணியும் போதும். வாங்கும்போது நீளமாகப் பொதிந்ததையே கேளுங்கள். மடித்து வந்ததில் விழுந்த வளைவு, வெதுவெதுப்பான நீரில் போட்டுச் சமதரையில் நீட்டி வைத்தால் பெரும்பாலும் நிமிரும். கூர்மையாக ஒடிந்த கோடு நிமிராது, அந்த இடத்தில் நாக்கு தரையைத் தொடாமல் தூக்கியே நிற்கும்.